சுங்கான், செத்தல், ஒஸ்கார்

எங்கள் கரையில் வீட்டு மீன் வளர்ப்பு கிணற்றில்தான் தொடங்கியது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலோரமாகக் கிடக்கும் ஊர்களில் மணலைத் தோண்டினால் தண்ணீர். வளவுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஓரிரண்டு மீன். வயல் வாய்க்காலில் அகப்பட்ட விரால் குட்டியையோ சுங்கானையோ கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்பது ஒரு காரணம். மீன் உயிரோடு கிடக்கிற வரைக்கும் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம் என்பது இன்னொரு காரணம். எங்கள் மூத்தாப்பா காலையில் வாளியைக் கிணற்றுக்குள் விடுமுன் குனிந்து மீனைத் தேடுவார். கண்ணில் பட்ட பிறகுதான் கயிறு இறங்கும்.

கிணற்றுக்குச் சுங்கானைத் தெரிவு செய்ததில் அந்தக் காலத்து ஆட்களின் நுட்பம் தெரிகிறது. செதிலில்லாத, மீசை வைத்த கெளிற்று இனம் அது. செவுளுக்குப் பின்னால் முதுகு நெடுக ஓடும் இரண்டு காற்றுப் பைகள் அதற்கு உண்டு. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துக்கொண்டு திரும்பவும் அடிக்குப் போய்விடும். ஆடாமல் அசையாமல் கிடக்கும் கிணற்றுத் தண்ணீரில் வேறு மீன் திணறும்; இது திணறாது. பக்கத்து முள்ளில் நஞ்சு. குத்தினால் கை தோள்வரை கடுக்கும். ஆகவே சின்னப் பிள்ளைகளும் அதில் கை வைக்கமாட்டார்கள்.

இப்போது அறுகம்பேயில், நாங்கள் உல்லை என்று சொல்லும் ஊரில், என் வீட்டு மண்டபத்தில் நிற்பது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமான கண்ணாடித் தொட்டி. விளிம்புவரை ஊற்றினால் ஏறத்தாழ 680 லீற்றர் பிடிக்கும். கல், மணல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்தால் முக்கால் தொன்னுக்கு மேல் பாரம். உள்ளே இரண்டு ஒஸ்கார், ஒரு சோடி செத்தல், வயிற்றை மேலே காட்டி நீந்தும் ஆபிரிக்கக் கெளிறுகள் சில, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு சக்கர். ஒஸ்காரும் செத்தலும் சிக்லிட் குடும்பம்; மற்றவை, சக்கரும் உட்பட, கெளிறுகள். வேறு இனம் இல்லை. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த இரண்டு கூட்டங்களும் போதும். உலகத்து நன்னீர் வரலாற்றில் பாதியை அவற்றை வைத்தே சொல்லிவிடலாம். அம்பாறைக் கரையின் வரலாற்றையும் ஓரளவு சொல்லலாம்.

செத்தலை முதலில் எடுக்கிறேன். கேரளத்தில் கரிமீன் என்று கொண்டாடி 2010-இல் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். சிங்களத்தில் கோரளியா. எங்கள் களப்புகளில், அறுகம் களப்பிலிருந்து மட்டக்களப்பு வாவியின் தென்கோடியான கிட்டங்கி வரை, உப்பும் நன்னீரும் கலக்கிற இடமெல்லாம் இதன் வீடுதான். பச்சை சாம்பல் உடம்பில் முத்துத் தெளித்தது போலப் புள்ளிகள். இதற்கு ஒரு சின்னத் தம்பி உண்டு: மஞ்சள் செம்மை நிறத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் வளராத மீன். இந்த இரண்டைத் தவிர இலங்கையில் இயல்பாக வாழ்ந்த சிக்லிட் வேறு இல்லை. இந்தியாவைச் சேர்த்தாலும் கன்னட நாட்டு ஆறுகளில் இன்னொன்று உண்டு, அவ்வளவே. மற்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை ஆபிரிக்காவிலும் அமெரிக்காவிலும். எங்கள் செத்தலுக்கு மிக நெருங்கிய உறவு எங்கே என்று தேடிப் போனால் மடகஸ்காரில் போய் நிற்கிறோம். கண்டங்கள் ஒட்டிக் கிடந்த காலத்தின் சாட்சி என்று ஆய்வாளர் பலர் இதைத்தான் காட்டுகிறார்கள். சந்தையில் கூறு போட்டு விற்கும் மீனுக்கு இவ்வளவு பெரிய பூர்வீகம்.

1970-களில் அமெரிக்க ஆய்வாளர் ஜாக் வார்டும் றிச்சர்ட் வைமனும் இந்த இரண்டு மீன்களையும் பற்றி எழுதிய கட்டுரைகள் மீன் நடத்தை படிப்போருக்கு இன்றும் பாடம். பெரிய செத்தலின் உடம்பிலும் செட்டையிலும் பற்றும் நோய்க் கிருமிகளைச் சின்ன மஞ்சள் மீன் கொத்தித் துப்புரவு செய்கிறது என்பதை அவர்கள் 1972-இல் எழுதினார்கள். மஞ்சள் மீனின் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் சளியைக் கொத்தித் தின்னும் என்பதையும் வார்ட் அதற்கு முன்னரே பதிவு செய்திருந்தார். ஜேர்மன்காரர்கள் இதே மஞ்சள் மீனை 1905-இலேயே கப்பலில் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துவிட்டார்கள். களப்பு ஓரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் அதை வலையிலிருந்து உதறிக் கரையில் எறிந்துகொண்டிருந்தோம். கறிக்குக் காணாது என்பதுதான் அதன்மேல் எங்களுக்கிருந்த ஒரே குறை.

மீனை அழகுக்காக வளர்ப்பது புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். எகிப்தில் நெபமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், கி.மு. 1350 அளவில் தீட்டிய தோட்டக் குளத்தில், தாமரைக்கும் வாத்துக்கும் நடுவே நீந்துவது திலாப்பியா. அதுவும் சிக்லிட்தான். அந்த ஓவியம் இப்போது லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குள் மீன் வந்தது வெகு பிந்தி. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். எங்கள் பக்கத்தில் சென்னை மரீனாவில் 1909-இல் ஒன்று திறந்து, இரண்டாம் உலகப்போரில் 1942-இல் மூடிவிட்டார்கள். இலங்கையில் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் மீன்காட்சியகம் 1952-இல் வந்தது.

1952 என்ற ஆண்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொழும்பில் மக்கள் கண்ணாடி வழியே மீன் பார்க்கத் தொடங்கிய அதே காலத்தில்தான், இந்தக் கரையின் தண்ணீர் முழுவதையும் மாற்றிப்போட்ட ஒரு சிக்லிட் நாட்டுக்குள் வந்தது: மொசாம்பிக் திலாப்பியா. கிழக்கில் அதற்கு ஜப்பான் மீன் என்று பெயர். ஆபிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளில் வாழ்ந்த மீன் எப்படியோ ஜாவாவுக்குப் போய் 1939-இல் அங்கே ஒரு கழிமுகத்தில் அகப்பட்டது. யுத்த காலத்தில் ஜப்பானியர் அதைத் தென்கிழக்காசியா எங்கும் குளத்துக்குக் குளம் பரப்பினார்கள். மலாயாக்காரரும் அதை ஜப்பான் மீன் என்றே சொன்னார்கள். யுத்தம் முடிந்து எல்லா நாடுகளும் மலிவுப் புரதம் தேடிய நேரத்தில் இலங்கைக்கும் வந்தது, அதே ஆண்டில் இந்தியாவுக்கும் போனது.

அது வந்த நேரத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டி முடித்த காலம் அது. கல்லோயாத் திட்டம் 1949-இல் ஆரம்பித்தது. அணையைக் கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. 7,70,000 ஏக்கரடி கொள்ளும் அந்தத் தண்ணீர், நாட்டிலேயே பெரிய நீர்த்தேக்கம். ஆழமான தேங்கிய தண்ணீரில் பெருகக்கூடிய மீன் எங்கள் ஆறுகளில் அதிகம் இல்லை. அவை ஓடும் தண்ணீருக்கும் களப்புக்கும் பழகியவை. வெறுமையாகக் கிடந்த அந்தப் பெரிய வீட்டுக்குள் திலாப்பியா குடியேறியது. ஆண் மீன் மணலைக் கிண்டிக் குழி பறித்து வைத்துக்கொண்டு பெண்ணை அழைக்கும். முட்டை போட்டவுடன் பெண் அதை வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை பட்டினி கிடந்து வாயிலேயே காக்கும். இப்படிக் காக்கிற மீன் பெருகாமல் என்ன செய்யும்? சில வருடங்களுக்குள் இலங்கைக் குளங்களில் பிடிபடும் மீனில் பெரும்பகுதி இதுவே ஆயிற்று.

கல்லோயாவின் கதை மீனோடு நிற்பதில்லை. குடியேற்றம், 1956 ஜூன் கலவரம், 1961-இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறையைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கியது எல்லாம் அந்த அணையிலிருந்து கிளைத்தவை. அவற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் தண்ணீரோடு போகிறேன். இடதுகரை வாய்க்கால் சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. வயல் வடிந்த தண்ணீர் வாவிக்குப் போகிறது. தண்ணீர் போன வழியெல்லாம் ஜப்பான் மீனும் போனது. வரம்பு வாய்க்காலில், குளத்தில், கடைசியாகக் களப்பில். உப்பையும் தாங்கும் மீன் ஆகையால் களப்பு அதற்குத் தடையாக இருக்கவில்லை. செத்தல் முட்டை ஒட்டிவைக்கும் ஆழமில்லாத கரையிலேயே இதுவும் குழி பறித்தது.

கடல்மீன் தின்ற வாய்க்கு இது பிடிக்கவில்லை. "சேத்து மணம்" என்று உம்மா சட்டியிலேயே ஏற்றமாட்டா. கல்முனைக் கடற்கரையிலிருந்து சைக்கிள் பெட்டியில் சூடை, கீரி, பாரை எல்லாம் அம்பாறைக்குப் போகும். அந்தப் பக்கத்திலிருந்து குளத்து மீன் இந்தப் பக்கம் வந்தால் மலிவு விலைக்குத்தான் போகும். இப்போது நிலைமை மாறிவிட்டது. கடல்மீன் விலை ஏறிய பிறகு ஜப்பான் மீனைப் பொரித்துத் தராத சாப்பாட்டுக் கடை இல்லை. குளத்து மீன்பிடிக்கு அரசாங்க ஆதரவும் தொடர்ச்சியாக இருந்ததில்லை. 1990-இல் ஜனாதிபதி பிரேமதாசவின் ஆட்சியில், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற பௌத்த நோக்கில், உள்நாட்டு மீன்வளர்ப்புக்கான உதவியை நிறுத்திவிட்டார்கள். 1994-இல்தான் திரும்பவும் தொடங்கினார்கள். மீன்குஞ்சு விடாத அந்த நாலு வருடமும் திலாப்பியா தன்பாட்டில் பெருகிக்கொண்டிருந்தது.

இனிக் கண்ணாடித் தொட்டிக்கு வருவோம். எங்கள் இளமைக்காலத்துத் தொட்டி இரும்புச் சட்டத்தால் ஆனது. கோண இரும்பை ஒட்டி வைத்து, உள்ளே பூட்டியை அப்பிக் கண்ணாடியைப் பதிப்பார்கள். பூட்டி காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் ஒழுகும், ஒழுகினால் சட்டம் துருப்பிடிக்கும். பெரிய தொட்டி வேண்டும் என்றால் மூன்று பக்கம் சீமெந்து, முன்பக்கம் மட்டும் கண்ணாடி. 1960-களில் உலகச் சந்தைக்கு வந்த சிலிக்கோன் பசைதான் சட்டமில்லாத தொட்டியைச் சாத்தியமாக்கியது. எங்கள் ஊர்களுக்கு அது சாவகாசமாகத்தான் வந்து சேர்ந்தது. வந்த பிறகு யன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிற கடைக்காரரே தொட்டியும் ஒட்டித் தந்தார்.

மீன் கொழும்பிலிருந்து வரவேண்டும். வளர்ப்பு மீன் ஏற்றுமதி அங்கே ஐம்பதுகளிலிருந்து தொழிலாக வளர்ந்து வந்தது. அதில் நான் மதிக்கும் பெயர் றொட்னி ஜொங்க்ளாஸ். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றியவர், சுழியோடி, ஆர்தர் சி. கிளார்க்கோடு இந்தத் தீவின் பாறைகளில் மூழ்கியவர். மீனைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பியவரும் அவரே, கண்டபடி பிடித்தால் பாறை வெறுமையாகும் என்று எச்சரித்தவரும் அவரே. ஒரு சின்ன அயிரை மீனின் விஞ்ஞானப் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. சோளகம் அடிக்கும் மாதங்களில் தெற்கு, மேற்குக் கடல் கலங்கிவிடும். அப்போது அந்தப் பக்கத்து மீன்பிடிச் சுழியோடிகள் கிழக்குக்கு வருவார்கள். வாடைக்குத் திரும்பிப் போவார்கள். எங்கள் கடலின் வண்ண மீன்கள் அவர்கள் பையில் கொழும்பு போய், விமானமேறின. கொழும்பிலிருந்து எங்களுக்கு வந்தவை அமேசன் மீன்கள்.

வந்த வழி சாதாரணமானதல்ல. ஏ4 வீதி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு வருகிறது. ஒட்சிசன் அடித்துக் கட்டிய பொலித்தீன் பை, அதைச் சுற்றிப் பத்திரிகைத்தாள், அதற்கு மேல் ரெஜிபோம் பெட்டி, இரவு பஸ்ஸில் காலுக்கடியில். உள்நாட்டு யுத்த காலத்தில் சோதனைச்சாவடி ஒவ்வொன்றிலும் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். உள்ளே மீன் என்றதும் சிப்பாய் சிரித்துவிட்டு, பையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். அவரும் ஊரில் தொட்டி வைத்திருப்பவராக இருந்தால் பெட்டி கெதியாகப் போகும். உம்மா மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை. "தின்னாத மீனுக்கு இவ்வளவு சல்லியா மனே?" என்பா.

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் பிளவர்ஹோர்ன் வந்து கடைகளைக் கலக்கியது. மலேசியாவில் தொண்ணூறுகளில் சிக்லிட் இனங்களைக் கலந்து உண்டாக்கிய மீன். நெற்றியில் பெரிய புடைப்பு. புடைப்பு பெருத்தால் அதிர்ஷ்டம் என்று சீனர்கள் நம்பினார்கள், வியாபாரிகள் அந்த நம்பிக்கையையும் சேர்த்து விற்றார்கள். எனக்கு அதன்மேல் ஒருபோதும் ஆசை வந்ததில்லை. எந்த ஆற்றிலும் பிறக்காத மீன் அது. ஒஸ்காருக்கு வேறு மவுசு. 2006-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு கடையிலிருந்த ஒஸ்காரின் உடம்புக் கோடுகள் அரபு எழுத்தில் இறைவன் பெயரைக் காட்டுகின்றன என்று செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பொடியன்களும் ஒஸ்காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒஸ்காருக்கு உண்மையிலே உள்ள சிறப்பு வேறு: தீனி போடும் ஆளை அடையாளம் பிடித்துக்கொள்ளும். வேறு ஆள் தொட்டிக்குக் கிட்டப் போனால் மூலைக்கு ஒதுங்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி இங்கே நீட்டி எழுத மனம் வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அறுகம்பேப் பாலம் உடைந்து உல்லை துண்டாகிப் போனது. புதிய பாலம் 2008-இல்தான் வந்தது. தண்ணீரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம்: கரையோரத்துக் கிணறுகள் எல்லாவற்றிலும் கடல் இறங்கியது. இறைத்து இறைத்துக் கழுவிய பிறகும் உப்புப் போகவில்லை. பிறகு டெங்கு பரவிய காலங்களில் சுகாதாரப் பகுதியினர் வீடு வீடாக வந்து கிணற்றில் மீன்குஞ்சு விட்டார்கள். மூத்தாப்பா காலத்துப் பழக்கம் அரசாங்கக் கடமையாகத் திரும்பி வந்தது. இந்த முறை விட்டது சுங்கானல்ல, பெரும்பாலும் கப்பியும் திலாப்பியாக் குஞ்சும்.

2022 மின்வெட்டைத் தொட்டி வைத்திருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் இல்லை. மோட்டர் நின்றால் பில்டருக்குள் வாழும் நுண்ணுயிர் ஒட்சிசன் இல்லாமல் சாகத் தொடங்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று தீர்ப்பது அந்த நுண்ணுயிர்தான். கரண்ட் வந்ததும் கழுவாமல் பில்டரைப் போட்டால் அழுகிய தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் வரும். நாங்கள் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் மாறி மாறி இருந்தோம். எரிபொருள் வரிசையில் நின்றவர்களிடம் இதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. பெரிய ஒஸ்கார்கள் முதலில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. சக்கருக்கு ஒரு பாதிப்பும் இல்லை. மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போய்ப் படுத்தது. கெளிறுகளைக் கிணற்றில் விட்டவர்களின் கணக்கு அந்த மாதத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

பெரிய தொட்டியை இடையிடையே கலைத்து அடுக்க வேண்டி வரும். அழுக்கை விட சண்டைதான் அதற்குக் காரணம். சிக்லிட்டுக்குக் காணி ஆசை அதிகம். ஒரு கல்லைத் தன் கல் என்று பிடித்துவிட்டால், அதைச் சுற்றி ஓரடிக்குள் யாரையும் விடாது. சோடி சேர்ந்து முட்டையும் வைத்துவிட்டால் தொட்டி முழுவதும் அதன் காணிதான். மற்றவை மேல்மூலையில் செட்டை கிழிந்து நிற்கும். அடிக்கிற மீனைத் தண்டித்துப் பயனில்லை. கல்லை எல்லாம் எடுத்து இடம் மாற்றி அடுக்கிவிட்டால் எல்லோருக்கும் அது புது ஊர். பழைய உறுதி எதுவும் செல்லாது. சில நாள் அமைதி.

செய்கிற முறை இதுதான். மாலையில், தீனி போடாத நாளில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குழாயால் இழுத்துப் பாத்திரங்களில் எடுத்துவைப்பேன். கெளிறைப் பிடிக்க வலை உதவாது. பக்க முள்ளை விரித்துக்கொண்டு வலையில் சிக்கிக்கொள்ளும். பிரிக்கப் போனால் முள் முறியும் அல்லது கை கிழியும். வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவைச் சரித்துவைத்து அதற்குள் ஓட்டிவிட வேண்டும். தூக்கும்போது ஆபிரிக்கக் கெளிறு கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். முள்ளின் அடியைத் தோள் எலும்பில் உரசி எழுப்புகிற சத்தம் அது. 1848-இல் மட்டக்களப்பு வாவியில் தோணியில் போய், தண்ணீருக்குள்ளிருந்து வரும் பாட்டைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்டுக்கு, சத்தம் போடுவது ஊரிச் சிப்பி என்று ஊரவர் சொன்னார்களாம். இன்றுவரை பாடுவது மீனா சிப்பியா என்ற வழக்கு நடக்கிறது. என் வாக்கு கெளிற்றுக்கு.

கல்லை மணலுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒஸ்காரும் செத்தலும் அடியைக் கிண்டுகிறவை. கல் சரிந்தால் கண்ணாடி போகும். ஆகவே மணலை ஒதுக்கிவிட்டு, தொட்டியின் தரையில் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு வைத்து, கல்லை அதில் நிறுத்தி, பிறகுதான் மணலை இழுத்துவிட வேண்டும். ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதபடி நடுவில் உயரமான கல். செத்தலுக்கு முட்டை ஒட்டச் செங்குத்தான தட்டைக் கல் ஒன்று, ஓடும் சரிவரும். கெளிற்றுக்குப் பகலில் ஒளியக் குகை, ஆளுக்கொன்று என்று எண்ணி வைக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் இரவெல்லாம் தள்ளுமுள்ளு. சக்கருக்கு மரக்கட்டை, அதைச் சுரண்டித் தின்னும். கண்டல் வேர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் களப்பில் கண்டலை வெட்டக் கூடாது. நான் வைத்திருப்பது பழைய தோணியொன்றின் கட்டை. எல்லாம் முடிந்து விளக்கை அணைத்த பிறகுதான் மீன்களை விடுவேன். இருட்டில் சண்டை தொடங்காது.

ஆபிரிக்காவின் தங்கன்யீக்கா ஏரியில் ஒரு கெளிறு இருக்கிறது. சிக்லிட் சோடி முட்டையிடும் நேரத்தில் இடையில் புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும். தாய் சிக்லிட் தெரியாமல் எல்லாவற்றையும் வாய்க்குள் அள்ளிக்கொள்ளும். கெளிற்றுக் குஞ்சு முதலில் பொரித்து, வாய்க்குள்ளேயே சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர் தெத்சு சாத்தோ இதைக் கண்டு எழுதினார். குயில் செய்கிற வேலையைச் செய்யும் மீன். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், கெளிற்றின்மேல் கோபப்படுவார்கள். பாவம், அதன் ஏரியில் அது பல்லாயிரம் வருடமாகச் செய்துவருகிறது, சிக்லிட்டும் அழிந்துபோகவில்லை. ஒன்றோடொன்று பழகிய தண்ணீரில் அப்படித்தான்.

பழகாத தண்ணீரில் விட்டால் கதை வேறு. ஆகாயத்தாமரையை 1905-இல் அழகுப் பூவென்று இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். நாலே வருடத்தில், 1909-இல், அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939-இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் படிப்புக்கென்று வந்தது; இன்று எங்கள் வயல் வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோமாளிக் கத்திமீன் வளர்ப்புத் தொட்டிக்கு வந்து, தொண்ணூறுகளில் கொழும்புக்குப் பக்கத்து பெல்லன்வில அத்திடியச் சதுப்பு நிலத்தில் தென்பட்டது. பிரானா போன்றவற்றை 1998-இன் உயிர்மீன் இறக்குமதி விதிகள் தடுத்தன. சக்கர் தாராளமாக விற்பனைக்கு இருக்கிறது. கடையில் விரல் நீளம். பாசியைத் துப்புரவாக்கும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். வளர்ந்தால் ஒன்றரை அடி. தொட்டிக்கு அடங்காமல் போனதும் ஆட்கள் பாவம் பார்த்து ஆற்றிலும் குளத்திலும் விடுகிறார்கள். நாட்டின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் அது வலையில் ஏறத் தொடங்கிவிட்டது. கவசம் போன்ற தோலும் முள்ளும் வலையைக் கிழிக்கும். கரையைத் துளைத்து முட்டையிடும். நம் ஆட்களில் யாரும் அதைத் தின்னப் போவதுமில்லை. ஜப்பான் மீனாவது வயிற்றுக்கு உதவியது.

ஆகவே இந்தக் கரையில் தொட்டி வைத்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் கேட்டுக்கொள்வது இது. சக்கர் வாங்காதீர்கள், பாசியைத் துணியால் துடைக்கலாம். வாங்கிவிட்டீர்களென்றால், தொட்டியைச் சிறிதாக்கும்போதோ ஊர் மாறும்போதோ வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அவர் எடுக்காவிட்டால் இன்னொரு தொட்டிக்காரரைத் தேடுங்கள். உல்லைப் பக்கம் என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், இடம் பண்ணுகிறேன். அறுகம் களப்பிலோ பொத்துவில் களப்பிலோ கிட்டங்கியிலோ எந்த வளர்ப்பு மீனையும் விடாதீர்கள். தொட்டி கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுங்கள். வடிகானில் ஊற்றினால் அதுவும் முட்டையையும் குஞ்சையும் சுமந்துகொண்டு களப்புக்குத்தான் போகும்.